எரிமலை எங்கே என்று கேட்பவர்களுக்கு

புனேயில் குடியிருப்பதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் மழைக்காலமாக இருந்தால் மலைப்பாதைப் பக்கம் ஒரு சுற்று அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். அருவி, சோளக்கதிர், பஜ்ஜி எல்லாம் முடிந்த பிறகு நான் கல்லைப் பற்றி ஆரம்பித்துவிடுவேன். இந்த மலை முழுக்க எரிமலைக் குழம்பு உறைந்து ஆனது என்று சொன்னதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். சித்தப்பா கேட்டபடியே எழுதுகிறேன்: "அதெல்லாம் சரிப்பா, எரிமலை எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. எரிமலை என்றால் கூம்பாக ஒரு மலை, உச்சியில் ஒரு வாய், அதிலிருந்து புகை என்று பள்ளிக்கூடத்திலிருந்தே மனதில் பதிந்துபோன படம். மகாராஷ்டிரம் முழுக்கச் சுற்றினாலும் அப்படி ஒன்றை நான் காட்ட முடியாது. இங்கே பெரும்பாலான குழம்பு வாய் வழியாக வரவில்லை. தரை கிலோமீட்டர் கணக்கில் நீளவாக்கில் பிளந்தது, பிளவு வழியாக வெளியே வந்தது. ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த சங்கதி. அரித்துப் போனது போக இன்றைக்கு மிச்சம் இருப்பதே 5 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட நான்கு தமிழ்நாடு. புவியியல்காரர்கள் இதை டெக்கான் டிராப்ஸ் என்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அடுக்கு மேல் அடுக்காக மொத்தக் கனம் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டும். மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாய், 1646 மீட்டர், அடியிலிருந்து நுனிவரை இந்தக் கல்தான்.

எரிமலையைத்தான் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களை துளே, நந்துர்பார் பக்கம் அனுப்பலாம். அங்கே சமவெளிக்கு நடுவில், யாரோ கோட்டை கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டுப்போன மாதிரி நீள நீளமாகக் கருஞ்சுவர்கள் நிற்கும். பிளவுக்குள் ஏறி வந்த குழம்பு அங்கேயே இறுகிப்போனது, சுற்றியிருந்த பாறை காலப்போக்கில் கரைந்தது, இறுகியது மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. டைக் என்பது இதன் பெயர். எரிமலையின் வாய் என்று கேட்டால் இதைத்தான் கை காட்ட வேண்டும்.

சரி, குழம்பு எங்கிருந்து வந்தது? நமக்குக் காலடியில் கொஞ்சம் ஆழம் போனால் எல்லாமே நெருப்புக் குழம்பு, மேலே நாம் நிற்பது மெல்லிய ஓடு என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. மேலோட்டுக்குக் கீழே ஏறக்குறைய 2900 கிலோமீட்டர் ஆழம்வரை இருக்கும் கவசம் என்கிற பகுதி கெட்டியான பாறை. நிலநடுக்கத்தின்போது கிளம்பும் அலைகளில் எஸ் அலை என்று ஒன்று உண்டு, அது திரவத்துக்குள் போகாது. கவசம் முழுக்க அது தாராளமாகப் போய்வருகிறது. கவசத்தைத் தாண்டி வெளிக்கரு என்கிற உருகிய இரும்புப் பகுதிக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. அங்கே இருக்கும் அந்த இரும்புக்கும் எரிமலைக் குழம்புக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கெட்டிப் பாறை எப்படிக் குழம்பாகிறது? "சூடு ஏறினால் உருகும்" என்பதுதான் நமக்குச் சட்டென்று தோன்றும் பதில். பசால்ட், அதாவது இந்த மலையின் கருங்கல், அது விஷயத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு. கவசத்தின் மேல்பகுதியில் வெப்பம் 1300 டிகிரிக்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ இருக்கும். இதே பாறையை இதே சூட்டோடு மேலே கொண்டுவந்து வைத்தால் உடனே உருக ஆரம்பித்துவிடும். ஆழத்தில் உருகாததற்குக் காரணம் மேலே உட்கார்ந்திருக்கும் பாரம். அழுத்தம் கூடக்கூட உருகுநிலையும் கூடும். இப்போது கவசத்தின் ஒரு பகுதி பக்கத்துப் பாறையைவிடச் சற்றுச் சூடாக இருக்கிறது, அதனால் சற்று லேசாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கெட்டியாக இருந்தபடியே, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்கிற கணக்கில் மேலே நகரும். நகர நகர அழுத்தம் குறைகிறது, சூடு பெரிதாகக் குறைவதில்லை, ஒரு ஆழத்தில் உருகுநிலை அந்தச் சூட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அவ்வளவுதான், புதிதாக யாரும் அடுப்பு மூட்டாமலே உருகத் தொடங்கிவிடும்.

அதுவும் முழுசாக உருகாது. நூற்றுக்குப் பத்தோ இருபதோ பங்குதான் உருகும், சீக்கிரம் உருகக்கூடிய பங்கு. கவசப் பாறையில் பெரும்பகுதி ஆலிவின் என்கிற பச்சைக் கனிமம். (அதற்கு நெருங்கிய சொந்தமான ஒரு பாறை தமிழ்நாட்டிலேயே உண்டு: சேலத்தில் மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல் எடுக்கிறார்களே, அந்தச் சுரங்கப் பக்கத்து டியூனைட். அது ஆலிவின் பாறை, வெள்ளைக்கல் அதன் சிதைவிலிருந்து வந்தது.) அந்தப் பாறையிலிருந்து முதலில் வடியும் உருகலில் சிலிக்கா (வெள்ளை மணலில் இருக்கும் அதே பொருள்) ஏறக்குறைய 50 சதவீதம் இருக்கும், அதுதான் பசால்ட் குழம்பு. கடலடித் தரை முழுக்க பசால்ட், நிலாவில் நமக்குக் கறையாகத் தெரிகிறதே அந்தக் கருமையான பகுதிகளும் பசால்ட், 1969-ல் அப்பல்லோ 11 கொண்டுவந்த கற்களிலும் பசால்ட் இருந்தது. ஒரே மாதிரிப் பாறை அரைகுறையாக உருகினால் ஒரே மாதிரிக் குழம்புதானே வரும்.

உருக இன்னொரு வழியும் உண்டு, தண்ணீர். கடலடித் தரை இன்னொரு புவித்தட்டுக்குக் கீழே செருகிக்கொண்டு இறங்கும் இடங்களில், அது சுமந்துபோன தண்ணீர் ஆழத்தில் பிரிந்து மேலே இருக்கும் கவசப் பாறைக்குள் புகுந்து உருகுநிலையைக் குறைத்துவிடும். இந்தோனேசியா, ஜப்பான், ஆண்டிஸ் எல்லாம் அந்தக் கணக்கு. அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவு எரிமலையும் அதே.

தக்காணத்தில் தண்ணீர் வேலை இல்லை. ஆழத்திலிருந்து ஏறி வந்த ஒரு சூடான பாறைத் தூண் மேல் இந்தியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது நடந்தது இது என்பதுதான் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். தட்டு நகர்ந்துவிட்டது, தூண் இருந்த இடத்திலேயே தொடர்ந்து எரிமலைக் கல்லைக் கக்கிக்கொண்டிருந்தது. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று தெற்கே போகும் கடலடி மேட்டு வரிசை அதன் தடம். இன்றைக்கு அந்தத் தூண் ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது, அங்கே எரிமலை இப்போதும் உயிரோடுதான் இருக்கிறது. ஆக, சித்தப்பாவின் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. எரிமலை மொரீஷியஸ் பக்கம் போய்விட்டது. சரியாகச் சொன்னால், அது போகவில்லை, நாம்தான் வந்துவிட்டோம்.

வெளியே வந்த குழம்பு எப்படிப் பரவியது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. லாவா வெள்ளம் (லாவா என்றால் வெளியே வந்த குழம்பு) என்று சொல்லிச் சொல்லியே ஏதோ காட்டாறு மாதிரிப் பாய்ந்து வந்து எல்லாவற்றையும் விழுங்கியது என்று நினைக்க வைத்துவிட்டார்கள். பல ஓட்டங்கள் நடைவேகத்துக்கும் குறைவாகத்தான் வந்திருக்க வேண்டும். ஹவாயில் ஆராய்ச்சியாளர்கள் கண்ணெதிரே பார்த்தது இது: 1100 டிகிரிக்கு மேல் இருக்கும் குழம்பு வெளியே வந்ததும் மேல்தோல் கறுத்து இறுகுகிறது. உள்ளே இன்னும் திரவம். பின்னாலிருந்து மேலும் குழம்பு அந்தத் தோலுக்கு அடியில் புகுந்து தோலையே மேலே தூக்குகிறது. ஒரு சாண் உயரத்தில் வந்து நின்ற நாக்கு சில நாட்களில் சில மீட்டர் உயரத்துக்கு உப்பிவிடும். மேலே இறுகிய தோல் உள்ளே இருப்பதை ஆறவிடாமல் காப்பதால் குழம்பு வெகுதூரம் போகும். ஆந்திராவில் கோதாவரிக் கரையில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் பசால்ட் ஓட்டங்கள் வேதியியலில் மகாபலேஷ்வர்ப் பக்கத்து ஓட்டங்களோடு ஒத்துப்போகின்றன. அவை இங்கிருந்தே போனவை என்கிறார்கள், ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர்.

இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கவே வேண்டாம், சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்தாலே போதும். ஒரே ஒரு ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில், பழைய தரையைத் தொடும் இடத்தில், விரல் நீளத்துக்கு மெல்லிய குழாய்கள் நிமிர்ந்து நிற்கும், வாயு ஏறிய தடம். அதற்கு மேல் மீட்டர் கணக்கில் கன்னங்கரேல் என்று கெட்டிக்கல், ஓட்டை ஒன்றுகூட இருக்காது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மட்டும் பிளேஜியோகிளேஸ் என்கிற கனிமத்தின் படிகங்கள் வெள்ளை ஊசிகளாக மினுக்கும். அதற்கும் மேல், உப்பிய தோலாக இருந்த பகுதி, முழுக்கப் பொத்தல். குழம்பிலிருந்து பிரிந்த வாயு மேலே ஏறி, தோலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, அப்படியே உறைந்த குமிழிகள். பொத்தல்கள் இப்போது காலியாகவும் இல்லை. பிறகு வந்த வெந்நீர் கல்லைக் கரைத்துக் கொண்டுவந்து அவற்றுக்குள் சியோலைட் படிகங்களையும் அவற்றின் கூட்டாளிகளையும் வளர்த்திருக்கிறது. பீச் நிறத்தில் ஸ்டில்பைட், கண்ணாடித் தெளிவில் அபோஃபிலைட். புனேயை ஒட்டிய வாகோலி குவாரிகளில் கிடைத்த கேவன்சைட் என்கிற நீலப் படிகம் உலகம் முழுக்கச் சேகரிப்பவர்களிடம் பிரபலம். இங்கே ஜல்லிக்காக உடைக்கிற கல்லுக்குள் அது உட்கார்ந்திருந்தது!

அந்தப் பொத்தல் பகுதிக்கு மேலே சில இடங்களில் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை ஓடும். சாம்பலோ, மட்கிய பசால்ட்டோ, பழைய மண்ணோ, அடுத்த ஓட்டம் மேலே வந்து உட்கார்ந்து சுட்டது. சிவப்புப் பட்டை இருந்தால் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் இடைவெளி இருந்திருக்கிறது என்று அர்த்தம். கல் மட்கி மண்ணாகும் அளவுக்கு அவகாசம், சில இடங்களில் ஏரி குளம் தேங்கி உயிர் வாழும் அளவுக்கே அவகாசம். மும்பை வொர்லியில் இப்படி இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் படிந்த அடுக்கில் தவளைகளின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. லாவா வெள்ளம், பேரழிவு என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் காலத்தின் நடுவே அதுபாட்டுக்குத் தவளை கத்திக்கொண்டு இருந்திருக்கிறது.

பேரழிவே இல்லை என்று சொல்லவரவில்லை. ஐஸ்லாந்தில் லாகி பிளவு 1783-ல் திறந்து எட்டு மாதம் கக்கியது ஏறக்குறைய 15 கன கிலோமீட்டர் குழம்பு. அதிலிருந்து வந்த ஃபுளோரினிலும் கந்தக வாயுவிலும் புல் நஞ்சாகி, கால்நடை செத்து, பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கு மாண்டார்கள். தக்காணத்தின் ஒரு பெரிய ஓட்டம் அதைப்போல எத்தனையோ மடங்கு. டைனோசர்களைக் கொன்றது மெக்சிகோவில் விழுந்த விண்கல்லா தக்காணமா என்கிற சண்டை இன்னும் முழுசாக ஓயவில்லை. விண்கல் பக்கம்தான் சாட்சி அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் கல்லில் தெரியும் தூண்கள். மும்பை அந்தேரியில் கில்பர்ட் குன்று என்று 61 மீட்டர் உயரத்துக்கு ஒரு பசால்ட் பாறை, சுற்றிலும் அடுக்குமாடிகளும் குடிசைகளும் நெருக்க, உச்சியில் அம்மன் கோயிலோடு நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் செங்குத்துத் தூண்களைக் கட்டுக்கட்டாக அடுக்கியதுபோல இருக்கும். ஆறும்போது கல் சுருங்குகிறது. சுருங்க இடமில்லாமல் வெடிக்கிறது, கோடையில் கண்மாய் மண் பாளம் பாளமாக வெடிக்கும் அதே கணக்குதான். கண்மாயில் வெடிப்பு ஒரு சாணோடு நின்றுவிடும், இங்கே சூடு உள்நோக்கி இறங்க இறங்க வெடிப்பும் கூடவே இறங்கி முழுத் தூணாகிறது. தூண் எப்போதும் ஆறிய பரப்புக்குச் செங்குத்தாகத்தான் நிற்கும். பசால்ட்டுக்கு மட்டும் உரிய குணமும் இல்லை இது. உடுப்பிக்கு அருகே கடலில் இருக்கும் செயின்ட் மேரீஸ் தீவுத் தூண்கள் சிலிக்கா மிகுந்த வேறு குழம்பு, தக்காணத்துக்கு முந்தையது, மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்த காலத்தது.

இந்தத் தூண்களை வைத்து ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பெரிய வழக்கே நடந்தது. ஜெர்மனியில் வெர்னர் என்கிற பெரிய வாத்தியார் பசால்ட் கடலில் படிந்த கல் என்று சாதித்தார், அவருடைய மாணவர்கள் கண்டம் முழுக்கப் போய் அதையே சொன்னார்கள். டெஸ்மாரே என்கிற பிரெஞ்சுக்காரர் அதற்கு முன்பே, 1763-ல், பிரான்சின் ஓவர்ன் பகுதியில் தூண்களைப் பின்தொடர்ந்து நடந்துபோய் அணைந்த எரிமலை ஒன்றில் முடிவதைப் பார்த்திருந்தார். "உருகிய கல் ஆறினால் கண்ணாடிதானே ஆகும், இது எப்படிப் படிகமாக இருக்கிறது?" என்று எதிர்த்தரப்பு கேட்டது. நல்ல கேள்விதான். பதிலை ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஹால் 1798-ல் கொடுத்தார். பசால்ட்டை இரும்பு வார்ப்பட உலையில் போட்டு உருக்கினார். சட்டென்று ஆறவிட்டபோது கண்ணாடி. திரும்ப உருக்கி மெதுவாக ஆறவிட்டபோது படிகம் படிகமாகக் கல். வாதம் செய்வதைவிட உலையில் போட்டுப் பார்ப்பது எவ்வளவு மேல்!

ஹாலின் உலையில் நடந்ததுதான் மொத்த விஷயமும். குழம்பு எங்கே நின்றது, ஆற எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது, இந்த இரண்டையும் வைத்தே பாதிக் கல்லின் சாதகத்தை எழுதிவிடலாம். வெளியே வந்து விரைவாக ஆறினால் கண்ணுக்குப் படிகம் தெரியாத பசால்ட். அதே குழம்பு பிளவுக்குள்ளேயே நின்றால் சற்றுப் பெரிய படிகங்களோடு டாலரைட். இன்னும் ஆழத்தில் பெரிய அறையாகத் தேங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆறினால், கைக்கெடுத்தாலே படிகம் தெரியும் கேப்ரோ. ஆறுவதற்கு ஆகும் காலத்துக்கு ஒரு அளவு வேண்டுமென்றால், ஹவாயில் 1959-ல் கீலவேயா இக்கி பள்ளத்தில் நூறு மீட்டருக்கு மேல் ஆழமாகத் தேங்கிய லாவா ஏரி முழுக்க இறுக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது, அதுவும் திறந்த வெளியில், மழையில் நனைந்துகொண்டே. டாலரைட்டைப் பார்க்க எங்கும் போக வேண்டாம். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கல்லை உங்களில் பலர் சமையல் மேடையில் பதித்திருப்பீர்கள். கடையில் கருப்பு கிரானைட் என்று பில் போட்டாலும் அது கிரானைட் இல்லை, தக்காணத்தைவிடப் பல மடங்கு பழைய ஒரு டைக்.

மீதிப் பாதிச் சாதகம் குழம்பின் சேர்மானம். அது ஆறும்போதே மாறிக்கொண்டிருக்கும். கனடாவில் பிறந்த போவன் என்கிற பாறையியலாளர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆய்வகத்தில் செய்து காட்டியது: பசால்ட் குழம்பு ஆறும்போது எல்லாக் கனிமமும் ஒன்றாக வராது. முதலில் ஆலிவின், பிறகு பைராக்சீன், கூடவே கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ். முதலில் வந்தவை கனமாக இருப்பதால் அடியில் படிந்துவிட்டால், மிச்சக் குழம்பில் மெக்னீசியமும் இரும்பும் குறைந்து சிலிக்கா கூடிப்போகும். அதிலிருந்து கடைசியாகப் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் வரும். பசால்ட்டில் தொடங்கியது ரையோலைட் என்கிற சிலிக்கா மிகுந்த பாறையில் போய் முடியலாம். சிலிக்கா கூடக்கூடக் குழம்பு பிசுபிசுக்கும், பசால்ட் மாதிரி தாராளமாக ஓடாது. குஜராத்தில் பாவாகட் மலையில் கீழே பசால்ட் அடுக்குகள், உச்சியில் ரையோலைட். கிர்னார் மலையில் அதே காலத்துக் குழம்பு மேலே வராமல் உள்ளேயே நின்று ஆறி, மேல்மூடி அரித்துப்போன பிறகு வெளியே தெரிகிறது. மும்பையில் மழை பெய்கிறது, வெளியே சுற்ற முடியாது என்றால் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். உள்ளே போகும் முன் சுவரைப் பாருங்கள். சாம்பல் நிறக் கல் குர்லா பசால்ட், இளமஞ்சள் கல் மலாட் டிராக்கைட், இரண்டும் மும்பைப் பக்கத்துக் குழம்புதான்.

இதைவைத்து உலகத்து கிரானைட் எல்லாம் பசால்ட்டின் கடைசி மிச்சம் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அவ்வளவு கிரானைட் வர வேண்டுமென்றால் அதைப்போலப் பல மடங்கு பசால்ட் எங்காவது தேங்கிக் கிடக்க வேண்டும், கிடக்கவில்லை. பெரும்பாலான கிரானைட் கண்டத்துப் பாறை மறுபடி உருகியதால் வந்தது.

இவ்வளவும் வெறும் கல் ஆராய்ச்சி என்று நினைப்பவர்கள் மராத்வாடாவில் ஒரு விவசாயியிடம் பேசிப்பார்க்கலாம். ஓட்டத்தின் நடுவே இருக்கும் கெட்டிக்கல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. மேலே மட்கிய பகுதியிலும் வெடிப்பிலும்தான் நீர் நிற்கும், பொத்தல் பகுதி மட்காமல் சியோலைட் நிரம்பிக் கிடந்தால் அதிலும் பெரிதாகக் கிடைக்காது. அதனால் ஒரு கிணறு ஊறும், இருநூறு அடி தள்ளி வெட்டியது காய்ந்து கிடக்கும். போர் எத்தனை அடி போட வேண்டும் என்பதை ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் உப்பிய ஒரு லாவாத் தோல் தீர்மானிக்கிறது. அதே கெட்டிக்கல் எல்லோராவில் வேறு விதமாக உதவியிருக்கிறது. படிவுப் பாறை மாதிரி ஏடு ஏடாகப் பிரியாத பெருங்கனம் இருந்ததால்தான் எட்டாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூடர்கள் கைலாசநாதர் கோயிலை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வர முடிந்தது.

கடைசியாக ஒன்று. 1967 டிசம்பர் 11-ல் கொய்னா அணைப் பக்கம் 6.3 அளவில் நிலநடுக்கம் வந்தது, அணை நிரம்பியதே காரணம் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதைப் புரிந்துகொள்ள அரசு அங்கே ஆழத்துளை போட்டிருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக பசால்ட், ஓட்டம் மேல் ஓட்டமாக. அதற்கு அடியில் ஆற்று வண்டலோ ஏரி மண்ணோ இருக்கும் என்று எதிர்பார்ப்போம், எதுவும் இல்லை. நேராக கிரானைட்டும் நைஸ் என்கிற உருமாறிய பாறையும், 250 கோடி ஆண்டுக்கும் மேல் பழையவை. அந்த கிரானைட்டும் ஒரு காலத்தில் குழம்பாக இருந்ததுதான். ஆழத்தில் மெதுவாக ஆறி, மேலே இருந்த மலையெல்லாம் அரித்துப்போய், மொட்டைப் பாறையாக வெளியே வந்து வெயில் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் முதல் பசால்ட் ஓட்டம் அதன் மேல் வந்து ஏறியிருக்கிறது.